ஆட்டுப் புழுக்கை, சிப்பிக் காசு, ஹார்வர்ட்

ஹார்வர்டின் வரலாற்றைப் பெரும்பாலும் அங்கே இருக்கும் ஜான் ஹார்வர்டின் வெண்கலச் சிலையிலிருந்துதான் தொடங்குவார்கள். நான் சமையலறையிலிருந்து தொடங்குகிறேன், அந்தக் கல்லூரியின் மானம் முதன்முதலில் போனது அங்கேதான்.

1639ல் அமெரிக்காவில் ஆங்கிலேயர் குடியேறிய மாசசூசெட்ஸ் காலனியின் நீதிமன்றத்தில் அந்தக் கல்லூரி வாத்தியாரின் மனைவி கொடுத்த வாக்குமூலம் இன்றைக்கும் படிக்கக் கிடைக்கிறது. வீட்டிலேயே தங்கிப் படித்த பையன்களுக்கு அந்த அம்மாதான் சமைத்துப் போட வேண்டும். பையன்கள் ஒன்றும் விடாமல் புகார் சொல்லியிருக்கிறார்கள், அந்த அம்மாவும் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்கிறார். கெட்டுப்போன மீன் போட்டீர்களாமே? ஆமாம், அது என் தப்புதான். கானாங்கெளுத்தியைக் குடல்கூட எடுக்காமல் அப்படியே பரிமாறினீர்களாமே, கூழில் ஆட்டுப் புழுக்கை கிடந்ததாமே? அது எனக்குச் சத்தியமாகத் தெரியாது, ஆனால் என் வீட்டில் அப்படி நடந்தது எனக்கு வெட்கமாக இருக்கிறது. மாவு சலிக்கவில்லை, சரியாகக் கிண்டவில்லை, வேகவில்லை என்பதையும் ஒத்துக்கொள்கிறார். அப்புறம் பெரிய புகார்: இரண்டு தடவை பீர் காய்ச்சுவதற்கு நடுவே ஒரு வாரமோ அரை வாரமோ பீரே இல்லாமல் பையன்கள் கிடந்தார்களாம். அந்தக் காலத்து இங்கிலாந்துக்காரர்களுக்குச் சாப்பாட்டோடு லேசான பீர் என்பது பச்சைப் பிள்ளைக்கும் உண்டு, தண்ணீரை நம்பிக் குடிக்க மாட்டார்கள், அதனால் இது சொகுசு சமாச்சாரம் இல்லை.

அதே வாக்குமூலத்தில் போகிற போக்கில் இன்னொரு வரி வருகிறது. வீட்டிலிருந்த 'மூர்' ஒருவன் சாம் ஹஃப் என்ற மாணவனின் படுக்கை விரிப்பிலும் தலையணை உறையிலும் படுத்தான் என்று. மூர் என்றால் கறுப்பின வேலைக்காரன், அநேகமாக அடிமை. அவன் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. கல்லூரி தொடங்கி ஒரு வருஷம்தான் ஓடியிருக்கும், அதற்குள் அவன் அங்கே இருக்கிறான், அதுவும் ஒரு புகாராகத்தான் இருக்கிறான்.

சரி, இந்தக் குடும்பம் எப்படி அங்கே வந்தது, அந்த ஊர் எப்படி வந்தது என்று கொஞ்சம் பின்னால் போவோம்.

1630ல் ஜான் வின்த்ரோப் தலைமையில் ப்யூரிட்டன்கள், அதாவது இங்கிலாந்துத் திருச்சபையைச் சுத்தப்படுத்த வேண்டும் என்ற தீவிரக் கிறிஸ்தவர்கள், கப்பல் கப்பலாக வந்து இறங்கினார்கள். தலைநகரமாக எதை வைப்பது என்று பேச்சு வந்தபோது சார்ல்ஸ் ஆற்றங்கரையில் ஓர் இடத்தைப் பார்த்து, கட்டம் கட்டமாகத் தெரு போட்டு, நியூடவுன் என்று சும்மா பெயர் வைத்தார்கள். துணை ஆளுநர் தாமஸ் டட்லி சொன்ன சொல்லை நம்பி அங்கே வீடு கட்டிக் குடிபோய்விட்டார். வின்த்ரோப்பும் ஒரு வீட்டுக்கு மரச்சட்டம் நிறுத்தினார், அப்புறம் அதைப் பிரித்து எடுத்துக்கொண்டு பாஸ்டனுக்கே போய்விட்டார். டட்லிக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை, இரண்டு பேருக்கும் நடுவே பல வருஷம் அது புகைந்துகொண்டே இருந்தது. தலைநகரமாகாத தலைநகரம், அதுதான் நியூடவுன். ஹார்வர்ட் சதுக்கத்துக்கும் ஆற்றுக்கும் நடுவே இன்றைக்கு இருக்கும் சின்னச் சின்னத் தெருக்கள் அப்போது போட்ட அந்தக் கட்டம்தான்.

அப்புறம் தாமஸ் ஹூக்கர் என்ற பெரிய பிரசங்கியார் தன் சபையோடு அங்கே வந்து சேர்ந்தார். கொஞ்ச நாளிலேயே மாடு மேய்க்க நிலம் போதவில்லை என்று முணுமுணுப்பு ஆரம்பித்தது. மாடு மட்டும்தான் காரணமா, ஒரே காலனிக்குள் இத்தனை பெரிய பிரசங்கியார்கள் இருந்தால் நெரிசல்தானே என்று எனக்குத் தோன்றும். எப்படியோ, 1636 வசந்தத்தில் சுமார் 100 பேர், 160 மாடுகள், நோயாளி மனைவியைத் தூக்கிப் போகும் டோலி ஒன்று, வழியெல்லாம் கறந்த பாலையே குடித்துக்கொண்டு காடு வழியாக நடந்து கனெக்டிகட் போய் ஹார்ட்ஃபர்ட் ஊரைத் தொடங்கினார்கள். அவர்கள் விட்டுப்போன வீடுகளை, அதற்குச் சற்று முன்னால்தான் கப்பலிலிருந்து இறங்கியிருந்த தாமஸ் ஷெப்பர்டின் சபைக்காரர்கள் வாங்கிக்கொண்டார்கள். ஷெப்பர்ட் பிற்பாடு ஹூக்கரின் மகளையே கல்யாணமும் செய்துகொண்டார். ஊர் காலியாகி மறுபடி நிறைந்த கதை இவ்வளவுதான், ஆனால் இந்த மாற்றம் நடந்திராவிட்டால் கல்லூரி அந்த ஊருக்கு வந்திருக்காது.

1636 அக்டோபர் 28 அன்று காலனியின் பொதுமன்றம் ஒரு பள்ளிக்கோ கல்லூரிக்கோ 400 பவுண்டு தருவதாகத் தீர்மானம் போட்டது. அடுத்த வருஷம் 200, வேலை முடிந்ததும் 200. எங்கே, யார் நடத்துவது, எதுவும் கிடையாது. குடியேறி ஆறே வருஷம், காட்டை வெட்டி வீடு கட்டிக்கொண்டிருக்கிறார்கள், அதற்குள் கல்லூரி என்ன அவசரம் என்று கேட்டால், வந்தவர்களில் பல பேர் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் படித்தவர்கள், குறிப்பாக இம்மானுவேல் கல்லூரிக்காரர்கள். தாங்கள் மண்ணுக்குள் போனபிறகு படிக்காத ஆள் பிரசங்க மேடை ஏறிவிடுவானோ என்ற பயம் அவர்களுக்கு நிஜமாகவே இருந்தது. கூடவே தங்கள் பிள்ளைகளை எழுத்தறிவில்லாத காட்டு ஜனங்களாக விட்டுவிடக்கூடாது என்ற அந்தஸ்துக் கவலையும் இருந்திருக்கும், அதை அவர்கள் அவ்வளவு உரக்கச் சொல்லவில்லை.

இடம் முடிவானது 1637 நவம்பரில். அதே மாதம், அதே நியூடவுனில் ஆன் ஹட்சின்சன் விசாரணை நடந்தது. பாஸ்டனில் தன் வீட்டில் பெண்களைக் கூட்டி வைத்துப் பிரசங்கங்களை அலசி, பாதிரியார்களில் பாதிப் பேருக்கு உண்மையான அருளே இல்லை என்கிற அளவுக்குப் போன பெண்மணி. அவரை நாடு கடத்தினார்கள். பாஸ்டன் சபையில் பாதிக்கு மேல் அந்தப் பக்கம் சாய்ந்திருந்தபோது ஷெப்பர்டின் நியூடவுன் சபை மட்டும் அசையவில்லை, அவர்தான் எதிர்த்தரப்பின் முக்கியமான ஆள். பையன்களை எங்கே வைத்தால் கெட்டுப்போக மாட்டார்கள் என்று யோசித்தவர்களுக்கு நியூடவுன் பாதுகாப்பாகத் தெரிந்தது. அடுத்த வருஷம் மே மாதம், தாங்கள் படித்த ஊரின் பெயரையே இதற்கும் சூட்டி கேம்பிரிட்ஜ் ஆக்கிவிட்டார்கள். ஊர்க்காரர்கள் கல்லூரிக்கு இரண்டே முக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவாக ஒரு துண்டு நிலம் கொடுத்தார்கள். பக்கத்திலிருந்த நிலமெல்லாம் மாட்டுத் தொழுவம். இன்றைக்கு உலகமே ஹார்வர்ட் யார்டு என்று பயபக்தியோடு சொல்லும் இடம், மாட்டு யார்டுகளுக்கு நடுவே இருந்த கல்லூரி யார்டு, அவ்வளவே.

ஜான் ஹார்வர்ட் என்ற ஆள் இந்தக் கதையில் எங்கே வருகிறார்? கிட்டத்தட்ட வருவதே இல்லை. லண்டன் சதர்க்கில் இறைச்சிக் கடைக்காரரின் மகன், 1607ல் பிறந்தவர். 1625ன் கொள்ளைநோய் அப்பாவையும் உடன்பிறந்தவர்களில் பல பேரையும் கொண்டுபோனது. அம்மா மறுமணம் செய்துகொண்டு பிள்ளையை இம்மானுவேல் கல்லூரிக்கு அனுப்பினார். சாவு மேல் சாவாக விழுந்ததில் சொத்தெல்லாம் கடைசியில் இவரிடம் வந்து சேர்ந்தது. 1637ல் மனைவி ஆனோடு கப்பலேறி வந்து, பக்கத்து ஊரான சார்ல்ஸ்டவுனில் குடியேறி, அடுத்த வருஷம் செப்டம்பரிலேயே காசநோயில் இறந்துவிட்டார். வயது முப்பது. சொத்தில் பாதியும், சுமார் 400 புத்தகங்களும் கல்லூரிக்கு. பாதிச் சொத்தின் கணக்கு 779 பவுண்டு 17 ஷில்லிங் 2 பென்ஸ், அரசாங்கம் தருவதாகச் சொன்னதைப்போல இரண்டு மடங்கு. 1639 மார்ச்சில் கல்லூரிக்கு அவர் பெயரை வைத்தார்கள். அந்தப் புத்தகங்களில் ஒன்றே ஒன்று தவிர மற்றதெல்லாம் 1764 ஜனவரியில் ஒரு பனிப்புயல் இரவில் நூலகக் கட்டடம் எரிந்தபோது போய்விட்டன. பாஸ்டனில் பெரியம்மை பரவியதால் சட்டமன்றம் கல்லூரிக் கட்டடத்துக்குள் வந்து கூடிக்கொண்டிருந்த சமயம் அது.

இப்போது அந்தப் புழுக்கைக் குடும்பத்துக்கு வருவோம். முதல் ஆசிரியர் நத்தானியேல் ஈட்டன். கேம்பிரிட்ஜில் படித்தவர், ஹாலந்தில் பெரிய அறிஞரிடம் பாடம் கேட்டவர், நியூஹேவன் ஊரை நிறுவிய தியோஃபிலஸ் ஈட்டனின் தம்பி. 1638ல் ஒரு வீட்டில் கையளவு பையன்களை வைத்து ஆரம்பித்தார். வேலி போட்டார், ஆப்பிள் மரங்கள் நட்டார், பையன்களை அடித்தார். அடிப்பது அந்தக் காலத்தில் ஒரு விஷயமே இல்லை, ஆனால் இவர் அடித்த அடி வேறு. நத்தானியேல் பிரிஸ்கோ என்ற உதவி ஆசிரியர் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மூன்று நாள்கூட ஆகவில்லை, ஏதோ வாய்த்தகராறு, இரண்டு ஆட்களைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வால்நட் மரக் கட்டையால் சாத்தியிருக்கிறார். குதிரையைக் கொல்லும் அளவுக்குக் கனமான கட்டை, ஒரு கஜம் நீளம் என்று வின்த்ரோப் தன் குறிப்பில் எழுதுகிறார். சுமார் 200 அடி. அலறல் கேட்டு ஷெப்பர்ட் ஓடி வந்திராவிட்டால் ஆள் போயிருப்பான். செத்துப்போகிறோம் என்று நினைத்து பிரிஸ்கோ கடவுளைக் கூப்பிட, ஆண்டவர் பெயரை வீணாகச் சொன்னதற்காக அதற்கும் சேர்த்து அடித்தாராம் ஈட்டன். கோர்ட்டில் நிறுத்தினார்கள், அபராதம் போட்டார்கள், வேலையிலிருந்து தூக்கினார்கள். மனுஷர் கடனைக் கட்டாமல் வர்ஜீனியாவுக்கு ஓடிவிட்டார். பின்னால் கிளம்பிய மனைவியும் பிள்ளைகளும் கடலோடு போனார்கள். அவர் மட்டும் இங்கிலாந்து திரும்பி, பாதிரியாராகி, 1674ல் கடன்காரர் சிறையில் செத்தார்.

கல்லூரி மூடிக் கிடந்தது. பையன்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். நியாயமாகப் பார்த்தால் அத்தோடு கதை முடிந்திருக்க வேண்டும்.

அது முடியாமல் போனதற்கு ஒரே ஆளைக் காரணம் காட்டலாம் என்றால் ஹென்றி டன்ஸ்டரைத்தான் காட்டுவேன். 1640 ஆகஸ்டில் கப்பலிலிருந்து இறங்கினார், மூன்று வாரமோ என்னவோ ஆவதற்குள் பிடித்துத் தலைவராக்கிவிட்டார்கள், அப்போது அவருக்கும் முப்பது வயதுதான். கட்டடத்துக்கு மரம் வாங்குவது முதல் மூன்று வகுப்புக்கும் எல்லாப் பாடமும் எடுப்பது வரை அவரேதான். தர்க்கம், இயற்பியல், கிரேக்கம், எபிரேயம், சனிக்கிழமை சமயப் பாடம், எல்லாம் ஒரே வாய். கல்லூரிக்குள் மாணவர்கள் லத்தீனில்தான் பேச வேண்டும், அனுமதி இல்லாமல் புகையிலை கூடாது. 1642 செப்டம்பரில் முதல் பட்டமளிப்பு, ஒன்பது பேர்.

அந்த ஒன்பதில் ஒருவர் ஜார்ஜ் டவுனிங், வின்த்ரோப்பின் அக்கா தங்கை வழியில் மருமகன். கொஞ்ச நாள் கல்லூரியிலேயே பாடம் எடுத்தார், இங்கிலாந்து போய், ராஜாவைக் கவிழ்த்து ஆட்சிக்கு வந்த க்ராம்வெல்லிடம் பெரிய ஆளானார், ராஜா திரும்பி வந்ததும் ஒரே தாவில் ராஜா பக்கம் தாவினார். பழைய ராஜாவின் தலைக்குக் கையெழுத்துப் போட்டவர்களில் மூன்று பேர் ஹாலந்தில் ஒளிந்திருந்தார்கள், அவர்களைப் பிடித்துக் கொடுத்தது இவர்தான், அதில் ஒருவர் இவரை ஒரு காலத்தில் தன் படைப்பிரிவில் பாதிரியாராக வைத்துக்கொண்ட கர்னல் ஜான் ஓக்கி. மூன்று பேரையும் லண்டனில் கொன்றார்கள். அந்தச் சம்பாத்தியத்தில் லண்டனில் இவர் கட்டிய தெருதான் டவுனிங் தெரு, பிரிட்டிஷ் பிரதமர் குடியிருக்கும் 10ஆம் எண் வீடு இருக்கிறதே, அதே தெரு. முதல் செட்டிலேயே இப்படி ஒரு ரத்தினம்.

பணத்துக்கு என்ன செய்தார்கள் என்பதுதான் எனக்கு இந்தக் கதையில் பிடித்த பகுதி. காலனியில் ரொக்கம் கிடையாது. 1640ல் இங்கிலாந்தில் அரசியல் மாறியதும் புதிதாக வரும் கப்பல்கள் நின்றுபோய், மாட்டு விலை விழுந்து, எல்லாரும் முழி பிதுங்கி நின்றார்கள். அதனால் 1644ல் நான்கு காலனிகளும் சேர்ந்து ஓர் ஏற்பாடு செய்தன: முடிந்த ஒவ்வொரு குடும்பமும் வருஷத்துக்குக் கால் புஷல் தானியம், அதாவது ஏறக்குறைய 7 கிலோ கோதுமை, இல்லாவிட்டால் 12 பென்ஸ், கல்லூரிக்குக் கொடுக்க வேண்டும். கல்லூரித் தானியம் என்று அதற்குப் பெயர். நம்மூரில் கோயிலுக்கும் மடத்துக்கும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசி எடுத்துப் பானையில் போட்டு வைப்பார்களே, அந்தப் பிடியரிசிக் கணக்குத்தான். நியூஹேவனிலிருந்தும் கனெக்டிகட்டிலிருந்தும்கூட தானியம் வந்தது. கல்லூரி வாசலைக் கண்ணால் பார்க்கப் போகாத குடியானவர்கள் வீட்டுக் கோதுமை. 2018 வாக்கில் ஹார்வர்ட் தமிழ் இருக்கைக்கு 60 லட்சம் டாலர் சேர்த்தோமே, அந்த வகையில் நாமும் பிடியரிசி போட்டவர்கள்தான், ஆனால் நாம் போட்டபோது அந்தக் கல்லூரி பட்டினி கிடக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மாணவர்களும் அப்படித்தான் கட்டணம் கட்டினார்கள். 1650களில் எழுதிய சாப்பாட்டுக் கணக்குப் புத்தகம் ஒன்று தப்பியிருக்கிறது. கோதுமை, பார்லி மால்ட், மக்காச்சோளம், கம்புபோல ரை தானியம், வெண்ணெய், ஆட்டுக்குட்டி, மாடு, விறகு என்று வரவு. ஒரு பையன் வீட்டிலிருந்து மாடு ஓட்டிக்கொண்டு வந்தால் அதற்கு விலை போட்டு இத்தனை மாதச் சாப்பாடு என்று கழித்துக்கொள்வார்கள்.

சிப்பிக் காசு கதை இன்னும் மோசம். பாஸ்டனுக்கும் சார்ல்ஸ்டவுனுக்கும் நடுவே ஓடிய படகின் வருமானத்தை 1640ல் கல்லூரிக்கு எழுதி வைத்தார்கள். படகில் ஏறுகிறவன் கையில் என்ன இருந்ததோ அதைக் கொடுத்தான், பெரும்பாலும் வாம்பம், அதாவது பூர்வகுடிகள் சிப்பி ஓட்டைக் குடைந்து மணியாக்கிக் கோத்தது. காலனிக்காரர்கள் சில்லறையாக அதைத்தான் புழங்கினார்கள். நல்ல மணியைத் தன்னிடம் வைத்துக்கொண்டு உடைந்தது, சாயம் போட்டது, கோணல்மாணல் எல்லாவற்றையும் படகுக்காரனிடம் தள்ளிவிடுவது ஊர்ப் பழக்கம். படகுக்காரன் அதை அப்படியே கொண்டுவந்து டன்ஸ்டர் மேஜையில் கொட்டுவான். அதை வைத்துக்கொண்டு அவர் என்ன வாங்க முடியும்? போதாக்குறைக்கு வாம்பத்தின் மதிப்பும் சரிந்துகொண்டே போனது. ஆனாலும் அந்தப் படகு உரிமையைக் கல்லூரி விடவில்லை. 1785ல் ஆற்றுக்குப் பாலம் கட்ட அனுமதி கொடுத்தபோது, படகு போனதற்கு ஈடாகப் பாலக் கம்பெனி வருஷம் 200 பவுண்டு கல்லூரிக்குத் தர வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள்.

நன்கொடை வசூலுக்கு இங்கிலாந்துக்கும் ஆள் அனுப்பினார்கள். அங்கே லேடி மௌல்சன் என்ற ஆன் ராட்க்ளிஃப் 1643ல் ஏழை மாணவனுக்கென்று 100 பவுண்டு கொடுத்தார், ஹார்வர்டின் முதல் உதவித்தொகை அது. வாங்கி வந்தவர் தாமஸ் வெல்ட் என்ற பாதிரியார், முதலில் என் மகன் ஜான் அதை அனுபவிக்கட்டும் என்று பத்திரத்திலேயே ஒரு வரி சேர்த்துக்கொண்டார். மகன் என்ன செய்தான்? 1644ல் இன்னொரு பாதிரியார் மகனோடு சேர்ந்து ராத்திரியில் இரண்டு வீடு புகுந்து சுமார் 15 பவுண்டு திருடினான். இருபது வயது ஆண்கள் இரண்டு பேரையும் டன்ஸ்டர் தன் கையாலேயே சாட்டையால் அடித்து வெளியே அனுப்பினார். அந்த 100 பவுண்டோ காலனிக் கஜானாவுக்குள் போனது, கல்லூரிக் கைக்கு வந்து சேர 1713 ஆயிற்று.

அச்சகமும் இதற்குள்ளேதான் இருந்தது. ஜோஸ் குளோவர் என்ற பாதிரியார் 1638ல் அச்சு இயந்திரத்தோடு கப்பலேறி நடுக்கடலில் இறந்துபோக, விதவையான எலிசபெத் அதைக் கேம்பிரிட்ஜில் இறக்கினார். ஸ்டீபன் டே என்ற பூட்டு வேலைக்காரர் அதை ஓட்டினார். 1640ல் 1,700 பிரதி அச்சிட்ட பைபிள் சங்கீதங்களின் புத்தகத்தில் இன்று 11தான் மிச்சம், 2013ல் ஒன்று 1 கோடியே 41 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. எலிசபெத்தை டன்ஸ்டர் 1641ல் மணந்ததில் அச்சகம் தலைவர் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது.

1650ல் டன்ஸ்டர் வாங்கிய சாசனம்தான் இன்றும் ஹார்வர்டை நடத்துகிறது. நான்கு வருஷம் கழித்து அவரையே வெளியே அனுப்பினார்கள். என்ன குற்றம்? கைக்குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பது வேதத்தில் இல்லை, விவரம் தெரிந்து நம்புகிறவனுக்குத்தான் கொடுக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. தன் குழந்தையைக் கொண்டுவர மறுத்தார். வாயை மூடிக்கொண்டிருந்தால் விட்டிருப்பார்கள், பெரியவர்கள் எத்தனையோ பேர் வந்து பேசிப் பார்த்தார்கள். 1654 ஜூலையில் கோயிலில் ஞானஸ்நானம் நடந்துகொண்டிருக்கும்போதே எழுந்து நின்று இது தப்பு என்று பேசிவிட்டார். அக்டோபரில் ராஜினாமா. குளிர்காலம் வருகிறது, மனைவிக்கு உடம்பு சரியில்லை, கடைசிக் குழந்தை இன்னும் மோசம், இந்த வீட்டை நான்தான் பாடுபட்டுக் கட்டினேன், கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்று மனுப் போட்டார். மார்ச் வரை இருக்கலாம் என்றார்கள். அடுத்து வந்த சார்ல்ஸ் சான்சிக்கும் ஞானஸ்நானத்தில் வேறு ஒரு கோணல் கருத்து உண்டு, தண்ணீரில் முழுக்கத்தான் வேண்டும் என்பார், ஆனால் அதை வெளியே பேச மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். எந்தக் காலத்திலும் வேலையில் நிலைக்கிறவர்கள் இந்த ரகம்தான். டன்ஸ்டர் 1659ல் இறந்தார், தன்னை கேம்பிரிட்ஜிலேயே புதைக்கச் சொல்லிவிட்டு.

400 புத்தகமும் கொஞ்சம் பணமும் கொடுத்துவிட்டு இறந்துபோனவர் பெயரில் கல்லூரி. பதினான்கு வருஷம் உடைந்த சிப்பிக் காசை எண்ணியவர் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கு இதில் ஜான் ஹார்வர்டின் மேல் வருத்தமில்லை, அவர் பாவம், பெயர் வைக்கச் சொல்லிக் கேட்கவே இல்லை.

பாடு ஒருவருடையது, பலன் இன்னொருவருடையது என்றால் அதைவிடப் பெரிய கதை இந்தியன் காலேஜ், அதாவது அமெரிக்கப் பூர்வகுடி மாணவர்களுக்கென்று ஹார்வர்டில் கட்டிய கட்டடம். 1650 சாசனத்திலேயே ஆங்கிலேய இளைஞர்களுக்கும் பூர்வகுடி இளைஞர்களுக்கும் கல்வி என்று எழுதியிருக்கிறது. அந்த வரிக்கு லண்டனில் நல்ல விலை, பூர்வகுடிகளைக் கிறிஸ்தவர்களாக்கும் சங்கத்திடம் பணம் கொட்டியது. டன்ஸ்டரின் மரக் கட்டடம் ஒழுகிக்கொண்டிருந்த நேரத்தில், சங்கத்தின் பணத்தில் சுமார் 20 பேர் தங்குகிற மாதிரி கல்லூரியின் முதல் செங்கல் கட்டடம் 1656 வாக்கில் எழுந்தது. பூர்வகுடி மாணவர்கள் மொத்தமே ஒரு கையில் எண்ணிவிடலாம். மற்ற அறைகளில்? ஆங்கிலேயப் பையன்கள். கீழே அச்சகம்.

அந்த அச்சகத்தில்தான் 1663ல் அமெரிக்கக் கண்டத்தின் முதல் முழு பைபிள் வந்தது, ஆங்கிலத்தில் இல்லை, மாசசூசெட் பூர்வகுடி மொழியில். பெயர் ஜான் எலியட்டுக்கு. பக்கத்திலிருந்து மொழி சொல்லிக் கொடுத்தவர்களும் அச்சுக் கோத்தவர்களும் பூர்வகுடி ஆட்கள், அதில் ஒருவரை எல்லாரும் ஜேம்ஸ் பிரின்டர் என்றே கூப்பிட்டார்கள், தொழிலே பெயராகிவிட்டது. எழுத்துக் கோக்கவும் பிழை திருத்தவும் இந்த வேலை முழுவதும் அவரை நம்பித்தான் இருக்கிறது என்று எலியட்டே சொல்லியிருக்கிறார்.

மார்த்தாஸ் வினியார்டு தீவிலிருந்து வந்த இரண்டு வாம்பனோக் பூர்வகுடிப் பையன்கள், கேலப் சீஷாடோமுக், ஜோயல் யாகூம்ஸ், 1665ல் பட்டம் வாங்க வேண்டியவர்கள். ஊருக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில் ஜோயலின் கப்பல் நான்டக்கெட் தீவில் மோதி உடைந்து, அவர் கொல்லப்பட்டார். கேலப் பட்டம் வாங்கினார், அடுத்த வருஷமே காசநோயில் இறந்தார். படிக்கும் காலத்தில் அவர் லத்தீனில் எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது, லண்டன் கனவான்களுக்கு நன்றி சொல்லி, ஆர்ஃபியஸ் யாழ் வாசித்து மரத்தையும் மிருகத்தையும் இளக்கிய கதையை உதாரணம் காட்டி. நன்கொடையாளரை மகிழ்விக்க எழுத வைத்த கடிதம் என்று படிக்கும்போதே தெரியும், ஆனால் லத்தீன் சுத்தமான லத்தீன்.

1675ல் அதே கல்லூரியில் கொஞ்ச காலம் படித்த ஜான் சாசமன் என்ற பூர்வகுடிக்காரரின் கொலையை ஒட்டி, வாம்பனோக் தலைவன் மெட்டகாமோடு போர் வெடித்தது. அதற்கப்புறம் பூர்வகுடி மாணவர்களைப் பற்றிப் பேச ஆளில்லை. ஜேம்ஸ் பிரின்டர் போரில் தன் ஜனங்கள் பக்கம் போய், மன்னிப்பு அறிவித்ததும் திரும்பி வந்து, பைபிளின் இரண்டாம் பதிப்புக்கும் எழுத்துக் கோத்தார். கட்டடத்தை 1698ல் இடித்துச் செங்கல்லைப் புதிய கட்டடத்துக்கு எடுத்துக்கொண்டார்கள், இனிமேல் யாராவது பூர்வகுடி மாணவர் வந்தால் அதில் வாடகையில்லாமல் இடம் தருவோம் என்ற வாக்குறுதியோடு.

இதில் நம் பக்கம் வந்து தொடும் ஒரு இழை உண்டு. 1678ல் ஹார்வர்டில் பட்டம் வாங்கிய காட்டன் மேதர், பாஸ்டனில் பாதிரியாராக இருந்துகொண்டு, 1715ல் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்த தரங்கம்பாடி சீகன்பால்குக்குக் கடிதம் எழுதினார், எங்கள் பக்கத்து இந்தியர்களிடம் எலியட் இப்படிச் செய்தார் என்று. சீகன்பால்கு 1719ல் இறந்துவிட, பதில் எழுதியது அவருடைய தோழர் க்ருண்ட்லர். அந்தக் கடிதங்களை மேதர் 1721ல் பாஸ்டனில் அச்சிட்டு வெளியிட்டார். கேம்பிரிட்ஜ் மாட்டுத் தொழுவத்தையும் தரங்கம்பாடிக் கடற்கரையையும் இரண்டு மொழிபெயர்ப்புகள் இப்படி இணைத்திருக்கின்றன.

அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஜான் ஹார்வர்ட், நிறுவியவர், 1638 என்று பொறித்த சிலை முன்னால் கூட்டம் நிற்கும். அவர் நிறுவவில்லை, வருஷம் 1636, முகமும் 1884ல் சிற்பி மாதிரிக்கு நிறுத்திய வேறொரு ஆளுடையது. அதிர்ஷ்டம் வரும் என்று எல்லாரும் தடவும் அந்தக் காலைத் தடவுவது உங்கள் விருப்பம். அதே யார்டில் மேத்யூஸ் ஹால் சுவரில் இந்தியன் காலேஜுக்கு ஒரு பலகை இருக்கிறது, அதன் பக்கத்தில் 2009ல் தோண்டியபோதுதான் பழைய அஸ்திவாரக் குழி கிடைத்தது. இன்னும் நேரம் இருந்தால் சதுக்கத்திலிருந்து டன்ஸ்டர் தெருவில் இறங்கி ஆறுவரை நடக்கலாம். அந்தக் காலத்தில் அதற்குத் தண்ணீர்த் தெரு என்று பெயர், இப்போது வழியெல்லாம் சாப்பாட்டுக் கடைகள்.